சுருட்டும் வசதியுள்ள ரோடு

பெறுநர்: புவிசார் குறியீடுகள் பதிவாளர் அவர்கள், கிண்டி, சென்னை.
பொருள்: எங்கள் பக்கத்துத் தார் ரோட்டுக்குப் புவிசார் குறியீடு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பவானி தங்கள் அலுவலகத்துக்குப் புதிய ஊர் இல்லை. 2005-06-ல் பவானி ஜமுக்காளத்துக்குக் குறியீடு கொடுத்தது தாங்கள்தான். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்து, முரட்டு நூலில், பட்டை பட்டையாக நிறம் மாற்றி நெய்கிற விரிப்பு அது. கல்யாணம், கருமாதி, ஊர்ப் பஞ்சாயத்து எதுவென்றாலும் விரிப்போம். காரியம் முடிந்ததும் உதறிச் சுருட்டி மூலையில் சாத்திவிடுவோம். அப்பன் வாங்கியது பேரனின் காதுகுத்துக்கும் வந்து கிடக்கும்.

இப்போது அதே மண்ணில் இன்னொரு விரிப்பு உற்பத்தியாகிறது. நிறம் கறுப்பு. விரித்துச் சில நாள் கழித்து ஓரத்தில் விரலை விட்டுத் தூக்கினால் பாளம் பாளமாக எழுந்து வருகிறது. பெரிய பலம் தேவையில்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போதும். கோப்புகளில் இதற்குத் தார்ச்சாலை என்று பெயர் எழுதியிருக்கிறார்கள். இதற்கும் ஒரு குறியீடு தந்து எங்கள் மரபைக் காப்பாற்ற வேண்டும் என்பதே விண்ணப்பம்.

படிவத்தைக் கையில் எடுத்ததுமே தடுக்கி விழுந்தேன். சரக்கு எந்த வகுப்பு என்று கேட்கிறீர்கள். தார், கீல், பிட்டுமென் வகையறா 19-ம் வகுப்பு. கம்பளம், விரிப்பு, பாய் எல்லாம் 27-ம் வகுப்பு. எங்கள் ரோடு போடுகிற அன்றைக்கு 19-ல் இருக்கிறது. பில் பாஸானதும் 27-க்கு மாறிவிடுகிறது. ஆகவே இரண்டிலும் எழுதியிருக்கிறேன். தங்கள் விருப்பம்போல் அடித்துக்கொள்ளவும்.

அடுத்து, விண்ணப்பதாரர் உற்பத்தியாளர்களின் சங்கமாகவோ அவர்கள் நலனைப் பேசும் அமைப்பாகவோ இருக்க வேண்டுமாம். அங்கேதான் சிரமம். உற்பத்தியாளர்கள் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். தங்கள் கைவேலைக்குப் பேர் வேண்டாம், புகழ் வேண்டாம், பலகையில்கூடப் போட வேண்டாம் என்கிறார்கள். இப்படியொரு தன்னடக்கத்தை நான் வேறு எந்தத் தொழிலிலும் பார்த்ததில்லை. தறிக்காரர் நெய்ததைப் பத்துப் பேருக்குக் காட்டுவார். பெண் கொடுக்க வந்தவர்களைத் தறிமேட்டுக்கே கூட்டிப்போய்க் காட்டுவார். இவர்கள் வேலை செய்வதே ராத்திரியில்தான். விடிந்து பார்த்தால் ரோடு இருக்கும், ஆள் இருக்காது. அதனால் பயன்படுத்துவோர் சார்பில் நானே எழுதுகிறேன். பிழை பொறுக்கவும்.

தயாரிப்பு முறை என்ற பகுதிக்குத் தாங்கள் விட்டிருக்கும் இடம் போதாது. தனித்தாளில் எழுதுகிறேன்.

நல்ல ரோடு எப்படிப் போடுவது என்பது தேவ ரகசியம் ஒன்றுமில்லை. இருநூறு ஆண்டுக்கு முன்னால் ஜான் மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொல்லிவிட்டுப் போனதுதான். உடைத்த கல், கூர்முனையோடு, ஒரே அளவில். ஒவ்வொன்றும் ஆறு அவுன்ஸுக்கு, அதாவது 170 கிராமுக்கு மேல் போகக் கூடாது. ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு நிற்கும். தண்ணீர் ஓடிப்போக இரண்டு பக்கமும் சாய்வு. கல் அளவு தெரியாத கூலிக்காரர்களிடம், வாயில் போட்டுப் பார், கொள்ளவில்லை என்றால் இன்னும் உடை என்று சொல்லிவைத்தார்களாம். கதையோ நிஜமோ, நம் நாட்டுக்கு அந்த அளவுகோல் ஒத்துவரவில்லை. இங்கே ஒரு மலையையே வாயில் போட்டுப் பார்த்தார்கள், கொண்டது. மெக்காடம் 1836-ல் போய்ச் சேர்ந்தார். ஒன்றரை ஜல்லி பரப்பி உருட்டுகிற அடுக்குக்கு இன்றும் அவர் பேர்தான். இப்போது அந்தக் கல்லை யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை என்பதால் ஆவி சாந்தியாக இருக்கும்.

கல்லுக்குக் கொங்குச் சீமையில் பஞ்சமா? ஊராட்சிக்கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டே பல் துலக்கி வளர்ந்தவர்கள் நாங்கள். கிணறு வெட்டப் போனால் தண்ணீருக்கு முன்னால் பாறை வரும் பூமி இது. ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, கிரஷர் டஸ்ட் என்று கேட்ட அளவில் உடைத்துக் கொட்டுகிறார்கள். தாருக்கும் பஞ்சமில்லை. கச்சா எண்ணெயிலிருந்து கேஸ், பெட்ரோல், டீசல் என்று எல்லாவற்றையும் பிரித்தெடுத்த பின் அடியில் தங்குவது அது. மணலியிலும் கொச்சியிலும் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. விஜி-30 என்று தரம் குறித்தே வருகிறது. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிப் புத்தகத்தில் கலவையின் ஒவ்வொரு சங்கதியும் அச்சடித்துக் கிடக்கிறது. விஜி-30 கலவை ஆலையை விட்டுக் கிளம்பும்போது 150 முதல் 165 டிகிரி சூடு. கொட்டிப் பரப்பும்போது 140-க்குக் கீழே இறங்கக் கூடாது. 90-க்குக் கீழே போவதற்குள் ரோலர் உருட்டி முடித்திருக்க வேண்டும். 30 மி.மீ. கனத்தில் போடும் மேல்பூச்சில் எடைக்கு 5.4 சதவீதமாவது தார் இருக்க வேண்டும்.

எங்கள் முறையில் சூடு, லாரியிலேயே ஆறிவிடும். தார்ப்பாய் போட்டு மூடி வர வேண்டிய வண்டி திறந்தே வரும், டிரைவர் நடுவில் டீ குடிப்பார், டீக்கடையில் அரசியல் பேசுவார், ரோலர் டீசலுக்குக் காத்திருக்கும். கடைசியில் கொட்டும்போது கலவை பொலபொலவென்று விழும். ஆறின தாருக்கு ஒட்டத் தெரியாது. அதன்மேல் ரோலரை நாள் முழுக்க ஓட்டினாலும் அது கல்லைப் பார்த்துப் பல்லிளிக்கும்.

ஆனால் சுருட்டும் வசதிக்குக் காரணம் இது மட்டும் இல்லை, ஐயா. அந்த நுட்பத்தைத்தான் தாங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

பழைய ரோட்டின் மேல் புதியது போடும்முன் புழுதியை விளக்குமாற்றால் கூட்டி, காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு ‘டாக் கோட்’ என்று தார் எமல்ஷனை மெல்லியதாகத் தெளிக்க வேண்டும். பழையதையும் புதியதையும் பிடித்து வைப்பது அதுதான். எவ்வளவு வேண்டும் தெரியுமா? ஒரு சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம். 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் ரோடு முழுமைக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒரு டன். அவ்வளவுதான். மேலே 260 டன் கலவையைக் கொட்டப் போகிறார்கள். அதை மண்ணோடு கட்டி வைக்கும் அந்த ஒரு டன்னை விட்டுவிடுகிறார்கள். புழுதியைக் கூட்டுவதற்கு இரண்டு ஆள் கூலி; அதையும் விட்டுவிடுகிறார்கள். புழுதியின் மேல் விரித்த எதையும் தூக்கலாம். எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் விரித்து, அப்படித்தான் தூக்குகிறோம்.

கணக்கையும் போட்டுவிடுகிறேன், தங்கள் ஆய்வாளருக்கு உதவும். அந்த ஒரு கிலோமீட்டரில் 30 மி.மீ. கனம் என்றால் 112.5 கன மீட்டர், எடையில் சுமார் 260 டன். அதில் தார் மட்டும் 14 டன். சரி, 30-ஐ 25 ஆக்கினால்? ஐந்து மில்லிமீட்டர்தானே, கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. ஆனால் அது 43 டன். நாலு டிப்பர் லோடு கலவை, போடாமலே போட்டதாகிவிடுகிறது. மிச்சமிருப்பதில் தாரை ஒரு சதவீதம் குறைத்தால் இன்னொரு இரண்டு டன்னுக்கு மேல். இத்தனைக்கும் ஒரு பூட்டையும் உடைத்துக் கதவைத் திறக்க வேண்டியதில்லை. எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், 30 என்று எழுதினால் போதும். அந்தப் புத்தகத்தில் எல்லா ரோடும் 30 மி.மீ.தான். உலகத்திலேயே கனம் குறையாத ரோடு எம்-புக்கில் போட்ட ரோடு. மழைக்கு அசையாது, லாரிக்கு நசுங்காது.

கனம் சந்தேகம் வந்தால் ‘கோர்’ எடுத்துப் பார்க்கும் முறை இருக்கிறது. உருளையாக வெட்டி எடுத்து அளப்பார்கள். எந்த இடத்தில் வெட்டுவது என்று யாரைக் கேட்டு முடிவு செய்வார்கள் என்பதை ஊகிக்கத் தங்களுக்கு ஒரு நிமிடம் தருகிறேன்.

இந்த உற்பத்தியில் ஒரே ஒரு தரப்பு மட்டும் ஏமாற்றுவதில்லை. சாக்கைக் காலில் சுற்றிக்கொண்டு, தார்ப் புகையை மூச்சில் இழுத்துக்கொண்டு, கொதிக்கிற கலவையைச் சட்டியில் சுமந்து போடும் பெண்களும் ஆண்களும். வேறு மாவட்டத்திலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ வந்தவர்கள். ரோட்டோரத்திலேயே சமைத்து ரோட்டோரத்திலேயே படுப்பவர்கள். அவர்கள் காலுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்க மதிப்பீட்டில் இடம் கிடைக்கவில்லை. சூட்டை முழுதாக வாங்கிக்கொள்வது அவர்களின் பாதம் மட்டும்தான். ரோட்டுக்கு அதில் பாதிகூடப் போவதில்லை.

நல்ல பொருளுக்கு வழியே இல்லையா என்று தாங்கள் கேட்கலாம். வழி மதுரையில் இருந்தது. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், குப்பையில் போகிற பிளாஸ்டிக்கைத் துருவி, 170 டிகிரி வரை சூடேற்றிய ஜல்லியின் மேல் தூவிக் காட்டினார். பிளாஸ்டிக் உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்கிறது. அதன்மேல் தார் இன்னும் கெட்டியாகப் பிடிக்கிறது. தண்ணீர் உள்ளே நுழையத் தடுமாறுகிறது. 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே ரோடு போட்டுப் பார்த்தார். 2006-ல் காப்புரிமை. 2013-ல் இந்திய சாலைக் காங்கிரஸ் அதற்கு வழிகாட்டியே வெளியிட்டது. 2018-ல் பத்மஸ்ரீ. தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் பிளாஸ்டிக்காக இருக்கலாம் என்பது பாடம். எங்கள் உற்பத்தியாளர்கள் அந்தப் பாடத்தில் பாதியை மிகுந்த ஈடுபாட்டோடு கற்றுக்கொண்டார்கள்: தாரைக் குறைக்கலாம் என்கிற பாதியை.

தொன்மைக்குச் சான்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் சங்கமேஸ்வரர் கோயிலில் ஒரு தந்தக் கட்டில் இருக்கிறது. கோயம்புத்தூர் ஜில்லா கலெக்டராக இருந்த வில்லியம் காரோ துரை 1804-ல் வேதநாயகி அம்மனுக்குக் கொடுத்தது. இரவில் ஒரு சிறுமி வந்து எழுப்பி வெளியே கூட்டிப்போனாளாம். அவர் வெளியே வந்ததும் பங்களாவின் கூரை விழுந்ததாம். அம்மனே வந்தாள் என்று நம்பினார். கட்டிலைச் செய்து, தன் கையெழுத்தையும் அதில் பொறித்தார். இருநூறு வருஷத்துக்கு மேலாகக் கையெழுத்து அப்படியே இருக்கிறது. கொடுத்ததற்குப் பொறுப்பேற்று ஒரு அதிகாரி போட்ட கையெழுத்து எங்கள் ஊரில் அதுதான் பழையது. அதற்குப் பிந்தியது ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறோம். எம்-புக்கில் இருக்கும் கையெழுத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், கோப்பு மேல்நடவடிக்கைக்காக மேலே போயிருப்பதாகப் பதில் வருகிறது. எவ்வளவு மேலே என்று அம்மனுக்குத்தான் தெரியும்.

ஊரின் இயற்கை அமைப்பும் இந்தச் சரக்குக்கு உகந்தது. காவிரி, பவானி, கண்ணுக்குத் தெரியாத அமுத நதி என்று மூன்று ஆறு சேரும் கூடுதுறை எங்களுடையது. மழைக்காலத்தில் நாலாவது ஆறு எங்கள் தெருவில் ஓடும். தாருக்குத் தண்ணீரைவிடப் பெரிய எதிரி இல்லை; உள்ளே இறங்கினால் கல்லையும் தாரையும் பிரித்துவிடும். அதற்காகத்தான் நடுவில் உயர்த்தி இரண்டு ஓரத்துக்கும் 2.5 சதவீதம் சாய்வு விடச் சொல்கிறார்கள். எங்கள் ரோட்டில் சாய்வு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டுப் பக்கமாக இருக்கிறது.

பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், ஏறிப் போக வேண்டிய திண்ணைக்கு நாங்கள் இறங்கிப் போகிறோம். 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று எழுத்தில் அறிவுறுத்தினார். எங்கள் தெருவில் அதைப் பாதி நிறைவேற்றினார்கள். சுரண்டினார்கள், அதோடு நிறுத்திவிட்டார்கள். ஒரு சித்திரை, ஒரு வைகாசி போயிற்று. பிறகு ஒருநாள் சுரண்டின இடத்தில் மண் கொட்டிவிட்டு, ஆடிப் பதினெட்டுக்கு வந்த ஜனக்கூட்டத்தின் காலாலேயே அதை உருட்டிக்கொண்டார்கள். ரோலர் வாடகை மிச்சம்.

தனித்தன்மை என்ற இடத்தில் உண்மையை மறைக்க விரும்பவில்லை. போட்டி இருக்கிறது. 2023-ல் மகாராஷ்டிரத்தின் ஜல்னா மாவட்டத்தில் கிராமத்து ஜனங்கள் புது ரோட்டைக் கையால் தூக்கிக் காட்டிய காணொளி நாடெங்கும் ஓடியது. அடியில் பாலித்தீன் விரித்திருந்தது. ஜெர்மன் தொழில்நுட்பம் என்று ஒப்பந்தக்காரர் சொன்னதாகவும் செய்தி வந்தது. எங்களுக்கு இது பழகிப்போன வலி. ஜமுக்காளத்துக்கும் இதேபோல் சோலாப்பூர் விசைத்தறிச் சரக்கு பவானி என்ற பேரில் வந்து எங்கள் நெசவாளர் வயிற்றில் அடித்தது. அதுவும் மகாராஷ்டிரம்தான். அவர்களுக்கு எங்கள் மேல் என்ன கோபமோ. விரிப்பில் மூத்த குடி நாங்கள் என்பதைத் தாங்கள் பதிவு செய்ய வேண்டும்.

உள்மாநிலத்திலும் வித்தகர்கள் உண்டு. வேலூரில் 2022-ல் தெருவில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை நகர்த்தாமலே, சக்கரத்தைச் சேர்த்துக் கான்கிரீட் போட்டார்கள். அதே வருஷம் அதே ஊரில் கைப்பம்பை வைத்தே வடிகால் கட்டினார்கள். மூலப்பொருளில் வண்டியும் பம்பும் சேரலாம் என்று விதிப் புத்தகம் எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஆனால் கலையின் உச்சி எங்கள் கொங்கு நாட்டில்தான். அதே 2022-ல் கரூரில், போடாத ரோட்டுக்கே பணம் பட்டுவாடா ஆனதாகப் புகார் கிளம்பி, நெடுஞ்சாலைத் துறை அலுவலர்கள் சிலர் தற்காலிகப் பணிநீக்கம் ஆனார்கள். யோசித்துப் பாருங்கள்: கல் இல்லை, தார் இல்லை, சாக்குக் கட்டிய கால் இல்லை, குழியும் இல்லை. தமிழ்நாட்டில் குழி விழ வாய்ப்பே இல்லாத ரோடு அந்த ஒன்றுதான்.

பங்கு எவ்வளவு போகிறது என்று எழுத ஆதாரம் வேண்டுமாம். கர்நாடகத்தில் ஒப்பந்தக்காரர்கள் சங்கமே 2021-ல் பிரதமருக்குக் கடிதம் எழுதி, நாற்பது சதவீதம் வரை கமிஷன் கேட்கிறார்கள் என்று புலம்பியது. எங்கள் பக்கம் அப்படிக் கடிதம் எழுதும் கெட்ட வழக்கம் இல்லை. எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் மாமன் மச்சான். கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்கார வேண்டும்.

இனி சிரிக்க முடியாத பகுதிக்கு வருகிறேன். ஆய்வுக் கட்டமைப்பு, தண்டனை.

ஜமுக்காளத்துக்குக் காவல் எத்தனை பாருங்கள். 1985-ம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஜமுக்காளம் கைத்தறிக்கென ஒதுக்கிய ரகம். விசைத்தறியில் ஓட்டினால் குற்றம். தங்களுடைய 1999-ம் ஆண்டுச் சட்டப்படி பொய்யான குறியீடு ஒட்டினால், ஒட்டியதை விற்றால், ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறை. 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 2 லட்சம் வரை அபராதம். நல்ல சட்டம். வாழ்க.

ரோட்டுக்கு? 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 198-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ரோட்டின் வடிவமைப்பிலோ கட்டுமானத்திலோ பராமரிப்பிலோ தரத்தை மீறி, அதனால் ஒரு ஆள் செத்தால், அல்லது முடமானால், பொறுப்பான அலுவலருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் அபராதம். எவ்வளவு? 1 லட்சம் வரை. ‘வரை’ என்பதைக் கவனிக்கவும். குறைந்தபட்சம் என்று ஒன்று இல்லை. சிறை என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை.

போலி ஜமுக்காளம் விற்றவன் மூன்று வருஷம் உள்ளே இருக்கலாம். போலி ரோடு போட்டு ஒரு தாயைக் கொன்றவர், ஜமுக்காளத்துக்கான அபராதத்தில் பாதியைக் கட்டிவிட்டு அடுத்த டெண்டருக்குப் போகலாம். உட்கார்ந்து இதை எழுதி, ஓட்டுப்போட்டு, கையெழுத்திட்டு, அரசிதழில் அச்சடித்திருக்கிறார்கள். யாருக்கும் கை நடுங்கவில்லை.

அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் என்ற பொதுப் பிரிவு இருக்கிறதே என்று வக்கீல்கள் சொல்வார்கள். இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையில் அது யார் மேல் பாய்கிறது என்று தெரியுமா? குழியில் விழுந்த வண்டியை ஓட்டிய மகன் மேல். அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி, பின்னால் உட்கார்ந்திருந்த தாயின் மரணத்துக்குக் காரணமானான் என்று எழுதுவார்கள். தாயையும் இழந்து, குற்றவாளியாகவும் கோர்ட் வராந்தாவில் நிற்பான். குழி சாட்சிக் கூண்டில் ஏறாது. மறுநாளே அதில் மண் போட்டு மூடிவிடுவார்கள். தடயத்தை அழிப்பதையும் உற்பத்தியாளர்களே செய்துகொள்கிற ஒரே தொழில் இதுதான்.

2022-ல் மட்டும் இந்த நாட்டில் குழிகளால் ஏற்பட்ட விபத்தில் செத்தவர்கள் 1,856 பேர் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. 2013 முதல் 2017 வரை 14,926 பேர் என்ற கணக்கைப் பார்த்துவிட்டு, எல்லையில் சாகிறவர்களைவிட இது அதிகமாக இருக்கும்போலிருக்கிறதே என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் திகைத்தது. எல்லையில் சுட்டவனை எதிரி என்கிறோம். ஐந்து மில்லிமீட்டரைத் திருடியவருக்குப் பொங்கல் விழாவில் மாலை போட்டுப் பொன்னாடை போர்த்துகிறோம்.

நாங்களும் யோக்கியர்கள் இல்லை, ஐயா. அந்த நாலு டிப்பர் லோடு எங்கேயும் காணாமல் போய்விடவில்லை. அதில் ஒரு பங்கு தேர்தலுக்கு முந்தின ராத்திரி கவரில் மடித்து எங்கள் வீட்டுக் கதவுக்கே வருகிறது. தலைக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்குகிறோம். பக்கத்து வீதிக்கு ஐநூறு கூடுதலாமே என்று சண்டைக்கும் போகிறோம். பணப் பட்டுவாடாவுக்காக 2016-ல் தேர்தலே நின்றுபோன அரவக்குறிச்சி வெகுதூரத்தில் இல்லை. எங்கள் ரோட்டின் கனத்தை எங்களுக்கே விற்கிறார்கள் என்று தெரிந்துதான் கை நீட்டுகிறோம். பிறகு குழியில் விழுந்து எழுந்து, ‘நாசமாப் போறவனுங்க’ என்று பொதுவாகத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறோம்.

தறிக்காரப் பெரியவர் ஒருவரிடம் இந்த விண்ணப்பத்தைப் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “ஏனுங்க, எங்களுக்கு ஓரத்துல நாலு இழை வெட்டுப்பட்டா கூலியில புடிச்சுப்போட்டுத்தான் மிச்சத்தக் குடுப்பாங்க. அவிங்களுக்கு யாரு புடிக்கறதுங்க?” என்று கேட்டார். விடை எனக்குத் தெரியவில்லை. தங்கள் படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

விதிப்படி ஏழு பேருக்கு மிகாத ஆலோசனைக் குழுவைத் தாங்கள் அமைத்து, சரக்கை நேரில் பார்க்கச் செய்ய வேண்டும். தயவுசெய்து புரட்டாசிக்குள் அனுப்பிவைக்கவும். ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் காட்டுவதற்குச் சரக்கு இருக்காது. பிறகு கரூர் வகையில்தான் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். வருகிறவர்கள் லட்சுமி நகர் பைபாஸில் இறங்கி, அங்கிருந்து யாருடைய டூவீலரிலாவது ஊருக்குள் வரட்டும். கார் வேண்டாம், காரில் வந்தால் எங்கள் ரோட்டின் நுட்பம் முதுகெலும்புக்கு எட்டாது. ஏழு பேரும் மறக்காமல் ஹெல்மெட் போட்டு வரச் சொல்லுங்கள். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். அந்தச் சட்டத்தை மட்டும் இங்கே மூலைக்கு மூலை நின்று ஒழுங்காக அமல்படுத்துகிறார்கள்.

இப்படிக்கு,
பவானியிலிருந்து, ரோட்டைப் பயன்படுத்துவோர் சார்பில்,
இன்னும் விழாத ஒருவன்.